ஏழாம் நம்பர் பெட்டி

சித்திரை 2, வியாழன்

செங்கோட்டு மலைமேல் பாதி அப்பனும் பாதி அம்மையுமாக நிற்பவர் துணை.

இன்றிலிருந்து கீழே ஆபீசில் போன் பார்க்கும் வேலை என் தலையில். இந்திராணி பிரசவத்துக்குப் பிறந்த வீடு போய்விட்டாள். வேறு ஆள் போடுங்கள் என்றேன். இவர் கேட்கவில்லை.

"மாடியில இருந்து படி எறங்கினா ஆபீசு. இதுக்கு ஒரு ஆளா? நீயே பாத்துக்க ரத்னா."

"எனக்கு இங்கிலீஷ் வராதுங்களே."

"மளிகைக்காரன் சீட்டுல தப்புக் கண்டுபுடிச்சுத் திருப்பி அனுப்பறவளுக்குப் போனு எம்மாத்தரம்?"

எங்களுடையது ரிக் வண்டித் தொழில். ஆழ்துளைக் கிணறு போடுகிற வண்டிகள். திருச்செங்கோட்டில் தெருவுக்கு நாலு பேர் இதைத்தான் செய்கிறார்கள். தை பிறந்து வடக்கே போகிற வண்டிகள் மழை தொடங்கும்போதுதான் ஊர் திரும்பும். எங்கள் வண்டி ஒன்பது. அதில் ஏழாம் நம்பருக்கு என் மகன் நவநீதன்தான் மேனேஜர். சத்தீஸ்கரில் ஏதோ காட்டோரம் இருக்கிறான்.

போன் சாம்பல் நிறம். வலது ஓரத்தில் வரிசையாகப் பட்டன்கள், வண்டிக்கு ஒன்று. ஒரே அழுத்து, அந்த வண்டிக்குப் பக்கத்திலிருக்கிற பூத்துக்கோ மேனேஜர் செல்லுக்கோ தானாகப் போய்விடும். ஸ்பீட் டயல் என்கிறார்கள். பட்டனுக்குப் பக்கத்தில் கடுகளவு சிவப்பு விளக்கு. அது மினுக்கினால், மெஷினுக்குள் அந்த வண்டிக்கென்று இருக்கிற குரல் பெட்டியில் யாரோ பேசி வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

துடைத்துவிட்டு ஒரு பொட்டு சந்தனம் வைத்தேன்.

சித்திரை 5, ஞாயிறு

போனோடு வந்த புத்தகத்தை நவநீதனின் பள்ளிக்கூட டிக்‌ஷனரியை வைத்துக்கொண்டு படித்தேன். அரிசி களைவது போலத்தான். கல் எல்லாம் கீழே தங்கிவிட்டது, புரிந்தது மட்டும் மேலே வந்தது.

எங்கள் ஆபீசில் ஒரு வழக்கம் உண்டு. வண்டி ஆட்களில் பாதிப் பேர் வீட்டில் போன் கிடையாது. அதனால் அவர்கள் வேலைக்குப் போகுமுன் அங்கே பூத்துக்குப் போய், ஆபீசைக் கூப்பிட்டு மெஷினில் தங்கள் வண்டிப் பெட்டியில் பேசிவைப்பார்கள். வீட்டுப் பெண்கள் ஊர்க் கடையிலிருந்து கூப்பிட்டு, "எங்க வூட்டுக்காரரு பேசியிருக்காருங்களா?" என்று கேட்பார்கள். பேசியிருந்தால் அந்தப் பெட்டியைத் திறந்துவிட வேண்டும். ரிசீவரை வைத்துவிட்டால் அவர்கள் மட்டும் கேட்டுக்கொள்வார்கள். வைக்காமல் பிடித்துக்கொண்டிருந்தால் நாமும் கேட்கலாம், நடுவில் நிறுத்தவும் செய்யலாம்.

இந்திராணி எல்லாவற்றையும் கேட்பாளாம். எனக்கு அது ஆகாது. புருஷன் பெண்டாட்டி பேச்சுக்கு நடுவில் மூன்றாவது காது எதற்கு?

சித்திரை 8, புதன்

கொல்லிமலை செம்மேட்டிலிருந்து சின்னப்பொண்ணு என்று ஒரு பெண் கூப்பிட்டாள். ஏழாம் வண்டியில் வேலை செய்கிற சடையனின் பெண்டாட்டி. அந்த வண்டியில் நம் பக்கத்து ஆட்கள் நவநீதனும் சடையனும்தான். மற்றவர்கள் அங்கேயே சேர்த்த பையன்கள்.

பெட்டியைத் திறந்துவிட்டு ரிசீவரை வைத்துவிட்டேன். கொஞ்ச நேரத்தில் மறுபடி மணி அடித்தது. அவளேதான்.

"கேட்டுட்டனுங்கம்மா. சும்மா சொல்லலாம்னு கூப்புட்டேன்."

"என்ன சொன்னாரு உங்க வீட்டுக்காரரு?"

"சோறு தின்னியா, ஆடு தின்னுச்சா, அம்மா தின்னுச்சான்னு கேக்கறாரு. மிசினுகிட்டப் போயி கேள்வி கேக்குது பாருங்க அந்த மனுசன்!"

சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

சித்திரை 10, வெள்ளி

ராகு காலத்தில் வருகிற பேச்சு வீட்டுக்குள் ஏறக்கூடாது என்பது என் எண்ணம். புத்தகத்தில் அதற்கும் வழி இருந்தது. நேரத்தைக் குறித்துக் கொடுத்துவிட்டால் அந்த நேரம் முழுக்க மணி அடிக்காது. எல்லா அழைப்பும் மெஷினுக்கே போய்விடும். வண்டி நம்பரை அழுத்திப் பேசுங்கள் என்று அது சொல்லும். ஏழு நாளுக்கும் ஏழு ராகு காலம் போட்டுவைத்தேன்.

இவருக்கு ஒரே பெருமை. "இந்திராணிக்கு இது தெரியவே தெரியாது" என்று பக்கத்து ஆபீசில் போய்ச் சொல்லிவிட்டு வந்தார்.

சித்திரை 13, திங்கள்

காலை ராகு காலம் கழிந்து கீழே இறங்கினேன். ஏழில் விளக்கு மினுக்குகிறது. சடையன் பேசியிருப்பான். அவள் கூப்பிடும்போது திறந்துவிடலாம்.

நல்ல வெயில். மாடியில் வடாம் பிழிந்தேன்.

சித்திரை 14, செவ்வாய்

நேற்று மாலையிலிருந்து இவர் கதவைச் சாத்திக்கொண்டு போனில் இருக்கிறார். சாப்பிடக் கூப்பிட்டால் "வர்றேன் போ" என்கிறார். வரவில்லை. ரசத்தை இரண்டு தடவை சூடு பண்ணினேன்.

ஏழில் இன்னும் மினுக்குகிறது. மலையில் காற்றடித்து லைன் அறுந்துவிட்டதாம். செம்மேட்டிலிருந்து யாரும் கூப்பிடவில்லை.

"பெட்டியில ஏதாச்சும் இருக்குதா?" என்று இவர் கேட்டார்.

"குடும்பச் சேதிதானுங்க. அவங்கவங்க வீட்டுக்கு."

சரி என்று மறுபடி கதவைச் சாத்திக்கொண்டார்.

சித்திரை 17, வெள்ளி

நவநீதன் வந்துவிட்டான். சொல்லாமல் கொள்ளாமல் ரயிலேறி வந்திருக்கிறான். வலது கையில் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை கட்டு.

"என்ன கண்ணு ஆச்சு?"

"சைலன்ஸர்ல பட்டுருச்சும்மா."

"வண்டிய யாரு பாத்துக்கறா?"

"ஓரங்கட்டியாச்சு."

நாலு மாதமாகப் பிள்ளை வாயில் நல்ல சோறு இறங்கியிருக்காது என்று பருப்பு வேகவைத்தேன். அவன் தட்டோடு சமையலறை வாசலில் வந்து நின்றான். குக்கர் புஸ்ஸென்று ஆவி விட்டதுதான் தாமதம், தட்டு கீழே விழுந்தது. சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு தலையை இரண்டு கையாலும் மூடிக்கொண்டான். விசில் அடங்குகிற வரைக்கும் எடுக்கவில்லை.

பிரயாண அலுப்பு.

"சடையன் நல்லாயிருக்கானா? அவம் பொண்டாட்டி விசாரிச்சாள்னா சொல்லோணுமே" என்று கேட்டேன். அவன் அப்பா முகத்தைப் பார்த்தான். இவர்தான் பதில் சொன்னார்.

"அவன் வண்டிய விட்டுட்டு ஓடிட்டான். சொல்லாமக் கொள்ளாம."

இனிமேல் பருப்பையும் சோற்றையும் பானையிலேயே வேகவைக்கலாம் என்றிருக்கிறேன். பானைச் சோறு உடம்புக்கு நல்லது.

சித்திரை 18, சனி

பால்காரருக்குச் சொல்லலாம் என்று மாடி ரிசீவரை எடுத்தேன். கீழே இவர் பேசிக்கொண்டிருந்தார். எதிர்ப்பக்கம் சத்தீஸ்கரில் இருக்கிற ஏஜெண்ட்.

"...காட்டுப் பக்கமே எரிச்சாச்சுங்க பெரியவரே. ஊர்த் தலைவர்கிட்டயும் பேசிட்டேன். பேப்பரு ஒண்ணும் கெடையாது. தம்பிய மட்டும் இந்தப் பக்கம் அனுப்பிராதீங்க."

உடனே வைத்துவிட்டேன்.

வண்டிக் குப்பையாக இருக்கும். பழைய டயர், எண்ணெய்த் துணி. அதையெல்லாம் காட்டில்தான் எரிப்பார்கள்.

சித்திரை 19, ஞாயிறு

ஏழாம் பெட்டியைத் திறந்தேன். ஆறு நாளாக மினுக்குகிற விளக்கைப் பார்த்துக்கொண்டே இருக்க முடியவில்லை. அணையாத அடுப்பை வைத்துவிட்டுத் தூங்கப் போவது போல இருந்தது.

மெஷின் முதலில் இங்கிலீஷில் கிழமையும் நேரமும் சொல்கிறது. திங்கட்கிழமை என்றது. காலை என்றது. அதற்குப் பிறகு சடையன் குரல். சின்னப்பொண்ணுவுக்கு இல்லை, முதலாளிக்கு. கம்ப்ரஸர் ஹோஸ் என்கிறான், துளைபோடக் காற்றடிக்கிற குழாய். சின்ன முதலாளி என்கிறான். பூத்துக்கு வெளியே லாரி போகிற சத்தத்தில் கத்திப் பேசுகிறான்.

கோபத்தில் ஒருவன் என் மகனைப் பற்றிச் சொன்னதை நான் எழுதப் போவதில்லை. பெட்டியில் இருப்பது பெட்டியிலேயே இருக்கட்டும்.

ராகு காலத்தை நான் உண்டாக்கவில்லை.

கேட்டு முடித்ததும் விளக்கு அணைந்துவிட்டது. சாயங்காலம் இவர் வந்து பார்த்தார். "ஏழுல இந்த மாசம் வந்ததெல்லாம் அழிச்சிரு ரத்னா. அது எதுவும் வேண்டாம்" என்றார். அழித்துவிட்டேன் என்று சொன்னேன். விளக்கு எரியவில்லை, நம்பிவிட்டார்.

அழிக்கிற பட்டன் எது என்று எனக்கு நன்றாகத் தெரியும். கை போகவில்லை. வீட்டுக் கணக்கு நோட்டிலேயே நான் அடித்தல் திருத்தல் செய்ததில்லை.

சித்திரை 21, செவ்வாய்

மலையில் லைன் சரியாகிவிட்டது. சின்னப்பொண்ணு கூப்பிட்டாள்.

"பத்து நாளுக்கு மேல ஆச்சுங்கம்மா. பேசியிருக்காரா?"

இவர் எதிரிலேயே உட்கார்ந்திருந்தார். ஆமாம் என்று சொல் என்பதுபோலத் தலையாட்டினார். நவநீதனுக்குப் பெண் பேசி வைத்திருக்கிறார்கள். வைகாசி பதினாலில் நிச்சயம். அது முடிகிறவரை ஒரு சத்தமும் வரக்கூடாது என்று ஏற்கனவே சொல்லிவிட்டார்.

பெட்டியில் சடையனின் பழைய சேதி ஒன்று, மாசி மாதம் பேசியது, இந்திராணி அவளுக்குப் போடாமலே விட்டது போல, இருந்தது. அதைத் திறந்துவிட்டேன். இந்தத் தடவை ரிசீவரை வைக்கவில்லை. மெஷின் தேதி சொல்வதைத் தாண்டவைத்து, அவன் குரலிலிருந்து போட்டேன்.

"சின்னப்பொண்ணு, நான்தான். நல்லாருக்கேன். வேளைக்குச் சோறு கெடைக்குது. ரொட்டிதான் தொண்டைல எறங்கமாட்டேங்குது. அம்மாவுக்கு முட்டிவலி தேவலையா? காணாமப் போன கரும்பூனை வந்துச்சா? நம்ம பலா மரத்துல..."

நிறுத்திவிட்டேன். 'பலா மரத்துல இப்பத்தான் பிஞ்சு வுட்டிருக்கும், கொரங்கு பாத்துக்க' என்று வருகிறது. பிஞ்சு விடுவது மாசியில். இப்போது காய் முற்றியிருக்கும்.

"அம்மா, என்னமோ சொல்ல வந்தாரே?"

"லைன் அறுந்துபோச்சு கண்ணு. காடில்லையா."

"போகட்டும்ங்கம்மா. கொரலு கேட்டுச்சே, அது போதும்."

இவர் எழுந்து மாடிக்குப் போனார். நான் பொய் சொல்லவில்லை. அது அவன் குரல்தான். அவன் சொன்னதுதான்.

சித்திரை 24, வெள்ளி

மறுபடி கூப்பிட்டாள். மறுபடி அதையே போட்டேன்.

"போன தடவையும் இதேதான சொன்னாருங்க?"

"ஆம்பளைங்க வேற என்ன சொல்லுவாங்க? எங்க வீட்டுக்காரரும் இருபத்தெட்டு வருசமா ஒரே பேச்சுதான் பேசறாரு."

அவள் சிரித்தாள், ஆனால் அன்றைக்குச் சிரித்த மாதிரி இல்லை. ரிசீவரை வைத்த பிறகுதான் பார்த்தேன், நான் புடவைத் தலைப்பைப் பிழிந்து பிழிந்து கசக்கி வைத்திருந்தேன்.

சித்திரை 27, திங்கள்

சந்தையில் பலாச்சுளை வந்துவிட்டது. வாங்கவில்லை.

சித்திரை 30, வியாழன்

பூ கேட்டேன்.

பூஜை அறையில் அம்மன் படத்தின் தலைமேல் ஒரு வெள்ளை அரளியை வைத்து, கண்ணை மூடிக்கொண்டேன். வலப்பக்கம் விழுந்தால் அந்தப் பெண்ணிடம் சொல்லிவிடுகிறேன், இடப்பக்கம் விழுந்தால் வாயைத் திறப்பதில்லை என்று வேண்டிக்கொண்டேன்.

வலப்பக்கம் விழுந்தது.

கூடத்தில் மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. அந்தக் காற்று உள்ளே வரும். அதைக் கணக்கில் சேர்க்க முடியாது. விசிறியை நிறுத்திவிட்டு இன்னொரு பூ வைத்தேன். அதுவும் வலது. ஈரப் பூ, கனம் ஒரு பக்கம் இழுத்திருக்கும். துணியால் ஒற்றி எடுத்து மூன்றாவது பூ வைத்தேன். அது இடப்பக்கம் விழுந்தது. வைக்கும்போதே கொஞ்சம் இடப்பக்கம் சாய்ந்துதான் இருந்தது.

அம்மன் சித்தம்.

வைகாசி 3, திங்கள்

பெண் வீட்டார் வந்து போனார்கள். பெண்ணின் சித்தப்பா நவநீதன் கையைப் பார்த்துவிட்டு, "என்னங்க மாப்ள, கல்யாணத்துக்கு முந்தியே சமையல் பழகறீங்களா?" என்று கேலி பண்ணினார். எல்லோரும் சிரித்தார்கள். நவநீதன் எல்லோருக்கும் கடைசியாகச் சிரித்தான்.

அவர்கள் போன பிறகு இவர் ஊஞ்சலில் உட்கார்ந்து வெற்றிலை போட்டார். நல்ல மனநிலையில் இருந்தார்.

"நிச்சயம் முடியட்டும். அப்பறம் அந்த மலைக்காரிக்குச் சொல்லிரலாம். அங்கயே ஒரு பொம்பளையோட தங்கிட்டான், இனி வரமாட்டான்னு. நாலு நாளு அழுவா. அப்பறம் அவ வேலையப் பாத்துக்குவா."

"அவ தாலிய என்ன பண்றதுங்க?" என்று கேட்டேன்.

வெற்றிலையை மெல்லுவது நின்றது.

"என்ன கேட்ட?"

"கட்டியே இருக்கோணுமா, கழட்டோணுமா? அவ எதுன்னு தெரிஞ்சு பொழைப்பா?"

"உனக்கெதுக்குடி அது?"

"சும்மா கேட்டனுங்க."

நவநீதன் எழுந்து தன் அறைக்குள் போய்விட்டான்.

வைகாசி 8, சனி

சின்னப்பொண்ணு கூப்பிட்டாள். பெட்டியைத் திறந்துவிடச் சொல்லவே இல்லை.

"திங்கக்கெழம நானே வர்றனுங்கம்மா. போனுல கேட்டா நடுவுலயே அறுந்துபோவுது. ஆபீசுலயே ஒக்காந்து அவரு பேச்ச முழுசாக் கேட்டுட்டுப் போறேன்."

"அத்தன தூரம் எதுக்கும்மா அலையற?"

"செவ்வாக்கெழம செவ்வாக்கெழம அவருக்காக உப்பில்லாமத் தின்னுட்டு இருக்கனுங்க. அத்தோட பாத்தா பஸ்சு ஒண்ணும் பெருசில்ல."

அத்தனை செவ்வாய் உப்பில்லாமல். உயிரோடு இருக்கிற புருஷனுக்காக இருக்கிற விரதம்.

இவரிடம் சொன்னேன். யோசித்துவிட்டு, "வரட்டும். நிச்சயத்தன்னைக்கு வந்து நிக்கறதுக்கு இது மேலு. அன்னைக்கே சொல்லி அனுப்பிரலாம்" என்றார்.

வைகாசி 10, திங்கள்

வந்தாள். நான் குரலை வைத்து நினைத்திருந்ததைவிடச் சின்னப் பெண். இருபத்திரண்டு இருக்கலாம். மஞ்சள் பூசிக் குளித்து, நெற்றியில் பெரிய பொட்டு. சாக்குப் பையில் ஒரு முழுப் பலாப்பழத்தைத் தலைச்சுமையாகக் கொண்டுவந்து என் காலடியில் இறக்கினாள்.

"எங்க மரத்துதுங்கம்மா. மொதப் பழம் அவருக்குன்னு வெச்சிருந்தேன். அவரு வர்றதுக்குள்ள அழுகிப்போயிரும். நீங்க சாப்புடுங்க."

நாற்காலி போட்டேன். உட்காரமாட்டேன் என்றாள். மோர் கொடுத்தேன், நின்றபடியே குடித்தாள். அவள் கண் போன்மேலேயே இருந்தது.

"இதுலதானுங்களா அவரு பேசறது?"

"ஆமா கண்ணு. அந்த ஏழாம் பட்டன்."

பட்டனைத் தொடாமல், அதற்கு மேலே காற்றில் விரலை வைத்துப் பார்த்தாள்.

இவர் வந்து உட்கார்ந்தார். தொண்டையைச் செருமினார். நவநீதன் மாடிப்படியில் பாதியில் நின்றான். இறங்கவும் இல்லை, ஏறவும் இல்லை. கட்டுப் பிரித்தாகிவிட்டது. கையில் தோல் வெளிறி, சுருங்கி, நெருப்பில் வாட்டிய வாழையிலை மாதிரி இருக்கிறது.

"இத பாரும்மா" என்று இவர் தொடங்கினார். "சொல்றதுக்கே கூச்சமா இருக்குது. உம் புருசன் வேலைய விட்டுட்டுப் போயிட்டான். அங்க ஒரு பொம்பளையோட பழக்கமாயி, அங்கயே இருந்துட்டான். இனி வரமாட்டான். நீ மனசத் தேத்திக்கோணும். செலவுக்கு ஏதாச்சும் நாங்க பாத்துச் செய்யறோம்."

அவள் மோர் டம்ளரை மேசைமேல் வைத்தாள்.

"எப்ப போனாருங்க?"

"ஒரு மாசம் ஆகுது."

"ஒரு மாசமா?" என்றாள். என்னைப் பார்த்தாள். "அம்மா, அப்ப நீங்க எனக்குப் போட்டதெல்லாம்?"

இவர்தான் சொன்னார். "அங்க இருந்து பேசியிருப்பான். கூடவே பொம்பளையும் நின்னிருப்பா."

"அவரு அப்படி ஆளு இல்லீங்க. பொம்பளைங்ககிட்டப் பேசவே தெரியாது அதுக்கு. எங்கிட்டப் பேசவே ஆறு மாசமாச்சு." அவள் குரல் உயரவில்லை. "கடைசியா அவரு பேசினத ஒரு தடவ போடுங்கம்மா. எங்க இருக்கேன்னு அதுல சொல்லியிருப்பாரு. நானே போயிக் கூட்டிட்டு வந்தர்றேன்."

இவர் என்னைப் பார்த்துக் கையசைத்தார். "போடு ரத்னா. கேட்டுட்டுக் கெளம்பட்டும்."

மூக்குக் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டேன். எல்லோருக்கும் கேட்கிற மாதிரி ஸ்பீக்கர் பட்டனை அழுத்தினேன். பிறகு ஏழாம் பெட்டியைத் திறந்தேன்.

மெஷின் இங்கிலீஷில் கிழமை சொன்னது. நேரம் சொன்னது. நான் தாண்டவைக்கவில்லை. பிறகு லாரி போகிற சத்தம். அதற்கு மேல் சடையன்.

"முதலாளி, ஏழாம் வண்டி சடையன் பேசறனுங்க. மணி அடிக்கவே மாட்டேங்குது, அதான் இதுல சொல்றேன். கம்ப்ரஸர் ஹோசு புடைச்சிக்கிட்டு நிக்குதுங்க. கட்டியிருந்த சங்கிலியும் அறுந்துபோச்சு. காத்தத் தொறந்தா வெடிச்சிரும். சின்ன முதலாளிகிட்டச் சொல்லிட்டேன். புது ஹோசு வர்ற வரைக்கும் நிக்க முடியாது, இன்னைக்கே முடிக்கோணும், நீ புடிச்சிக்கிட்டு நில்லுங்கறாரு. மாட்டேன்னா ஸ்பேனரத் தூக்கிட்டு அடிக்க வர்றாரு. நீங்க ஒரு வார்த்த சொன்னா நிறுத்துவாரு. சீக்கிரம் சொல்லுங்க முதலாளி, வண்டிய ஸ்டார்ட் பண்ணிட்டாங்க, சத்தம் கேக்குது. சின்னப்பொண்ணு, ஒருவேள நீ இதக் கேட்டீன்னா பயந்துக்காத. முதலாளியம்மாகிட்ட மட்டும் சொல்லிரு. நான் போறேன், கூப்புடறாங்க."

டக்கென்று நின்றது.

இவர் எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் சாய்ந்தது. "அழிச்சாச்சுன்னு சொன்ன! என்னடி இது?"

"கண்ணாடியில சரியாத் தெரியலைங்க. விரல் தவறிப்போச்சு."

சின்னப்பொண்ணு அவரைப் பார்க்கவில்லை. என்னையும் பார்க்கவில்லை. படியில் நிற்கிற நவநீதனை, அவன் கையைப் பார்த்தாள்.

"தம்பி. அவரு எங்க?"

அவன் படியிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"ஹோசு வெடிச்சு, கொதிக்கற காத்து மூஞ்சியிலயே அடிச்சிருச்சு. நான் புடிச்சு இழுத்தேன். அதுக்குள்ள..."

"வாய மூடுடா!" என்று இவர் கத்தினார்.

"எரிச்சுட்டாங்க" என்றான் நவநீதன். அது அவளுக்குச் சொன்னதா அப்பாவுக்குச் சொன்னதா தெரியவில்லை.

அவள் அழுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று நான் உடம்பை இறுக்கிக்கொண்டு நின்றேன். அவள் செய்யவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். பொட்டு கலைந்து நெற்றியெல்லாம் சிவப்பாகப் பரவியது. போனுக்குப் பக்கத்தில் வந்து நின்று என் கையைப் பிடித்தாள். அவள் உள்ளங்கை பலாப்பால் பட்டுப் பிசுபிசு என்றிருந்தது.

"இன்னொரு தடவ போடுங்கம்மா."

"தொட்டீன்னா நடக்கறதே வேற" என்றார் இவர்.

முதல் தடவை விரல் தவறிவிட்டது. அதை இங்கே எழுதி வைக்கிறேன்.

இரண்டாம் தடவை அவள் கேட்டாள், போட்டேன்.

வைகாசி 11, செவ்வாய்

நேற்று அவள் இங்கிருந்து நேராக டவுன் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போயிருக்கிறாள். அவள் தெருமுனை திரும்புவதற்குள் இவர் போன் மெஷினைச் சுவரிலிருந்து பிடுங்கி, பின்கட்டுக்குக் கொண்டுபோய்ச் சம்மட்டியால் அடித்து நொறுக்கிவிட்டார். துண்டுகளைப் பெருக்கி அள்ளியது நான்தான்.

காலையில் ஜீப் வந்து நிற்கிறது. இன்ஸ்பெக்டர் கீழே ஆபீசில் உட்கார்ந்திருக்கிறார். மெஷினில் அப்படி ஒரு பேச்சு இருந்ததா என்று வீட்டில் இருக்கிறவர்களை ஒவ்வொருவராகக் கேட்க வேண்டுமாம். இவர் மேலே வந்து, சமையலறை வாசலில் நின்று, மெல்லிய குரலில் சொன்னார்.

"பெட்டியில ஒண்ணுமே இல்ல. நீ ஒண்ணுமே கேக்கல. நம்ம புள்ள ரத்னா. ஞாபகம் இருக்கட்டும்."

தலையாட்டினேன். அவர் இறங்கிப் போய்விட்டார்.

நவநீதனுக்கு இட்லி வைத்திருக்கிறேன். தேங்காய்ச் சட்னி, அவனுக்குப் பிடித்த மாதிரி பொட்டுக்கடலை குறைத்து அரைத்தது. அடிபட்ட கையால் பிட்டுச் சாப்பிட சிரமப்படுகிறான். நான் பிட்டு வைக்கிறேன். மூன்றாவது இட்லி பாதியில் இருக்கிறது. கீழேயிருந்து இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டார்கள்.

சாப்பிட்டு முடிக்கட்டும். கை கழுவத் தண்ணீர் ஊற்றிவிட்டு, நான் கீழே போய்ப் பெட்டியில் இருந்ததைச் சொல்லிவிடுகிறேன்.